பத்தாத பெட்டி

“பத்தாது டாக்டர்,” என்று எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்துச் சொன்னார். பல் டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

“எது பத்தாது? ஏழு ரூம், ஆறு ஏசி, லிஃப்ட், எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுத்தானே இந்த மெயின் பெட்டியை வாங்கினோம்?”

“ஓடுற கரண்டுக்குப் பத்தும். ஷார்ட் ஆனாத்தான் பிரச்சினை. எங்கேயாவது ரெண்டு ஒயர் ஒட்டிக்கிச்சுன்னா கரண்ட் மொத்தமாப் பாஞ்சு வரும். அதை வெட்டி நிறுத்துற தெம்பு பெட்டியில இருக்கிற பிரேக்கருக்கு வேணும். நம்மது பத்தாயிரம் ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். வாசல் டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து பதினாலாயிரம் வரும்னு கரண்ட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சொல்றார்.”

“வந்தா?”

“பிரேக்கரே வெடிச்சிரும். அதனால இணைப்பு தரமாட்டேங்கறார்.”

டாக்டர் தன் புது வீட்டின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெடிப்பது பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. இணைப்பு வராவிட்டால் மச்சான் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்பதுதான் கவலை.

வாடகை வீட்டைக் காலி செய்து, “நாலே நாள்தான் மச்சான்” என்று சொல்லிவிட்டு மனைவியோடு அங்கே போய் இறங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. மனைவியின் அண்ணன் தங்கமான மனிதர். அதுதான் கொடுமை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பக்கூட வழியில்லை. டாக்டர் காலையில் கண் விழித்தால் சோபாவுக்குப் பக்கத்தில் மச்சான் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். “மாப்பிள்ளை, அந்தக் கடைசிப் பல்லை ஒரு பார்வை பாருங்களேன்.” தினமும் அதே பல். அதில் ஒரு கோளாறும் கிடையாது.

“பெரிய பெட்டியா வாங்குங்க,” என்றார் டாக்டர். “நாளைக்கே.”

“இருபத்தஞ்சாயிரம் தாங்குறது போட்டுருவோம். பெட்டியை மாத்தினதா கரண்ட் ஆபீஸ்ல ஒரு ஃபாரம் எழுதிக் குடுக்கணும்.”

ஃபாரத்தில் பழைய பெட்டி, புதிய பெட்டி என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஏன் மாற்றினோம் என்று எழுத இடமே இல்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு கட்டங்களையும் அழகாக நிரப்பினார்.

புதுப் பெட்டி சுவர்க் குழிக்குள் போகவில்லை. குழியை இடித்துப் பெரிதாக்கினார்கள். மறுபக்கம் குளியலறை என்பது, டாக்டரின் மனைவி ஆறு கடை ஏறித் தேர்ந்தெடுத்த டைல்ஸ் பொலபொலவென்று உதிர்ந்தபோதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அன்று முழுவதும் அவள் கணவரோடு பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். “இருபத்தெட்டாயிரம் வரும். பத்தாது.”

“போன மாசம் பதினாலுன்னீங்களே சார்!”

“அது பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு. இப்ப வாசல்ல அதைவிட ரெட்டிப்பு இருக்கே. அது பெரிசானா ஷார்ட்ல வர்றதும் பெரிசாத்தான் வரும்.”

டாக்டர் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். பெயிண்ட் வாசனை மாறாமல் புது டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. ஏணியிலிருந்த லைன்மேன் அவரைக் கண்டதும் பெரிய கும்பிடு ஒன்று போட்டார். எதற்கென்று டாக்டருக்குப் புரியவில்லை.

“தெரு வளருது டாக்டர். நல்ல இடத்துலதான் வீடு கட்டியிருக்கீங்க,” என்று எலக்ட்ரீஷியன் தேற்றினார். “மூணாயிரம்தானே கூடுதல்? கேபிள் நீளமானா வர்ற வேகம் குறையும். தோட்டத்தைச் சுத்தி இழுத்துட்டு வந்து பெட்டியில சேர்த்துருவோம்.”

தோட்டத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டினார்கள். மூன்றாவது மூலையில் கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் வீட்டைச் சுற்றி ஓர் அகழி உருவாகிவிட்டது. தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் கேபிள் போட முடியாதென்று இன்ஸ்பெக்டர் ஃபோனிலேயே சொல்லிவிட்டார்.

முழங்கால்வரை சேற்றோடு டாக்டர் மச்சான் வீட்டுக்குத் திரும்பினார். குளிக்கப் போனால் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது. அதன் மேல் ‘மாப்பிள்ளை துண்டு’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. டாக்டர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆணிக்குக் கீழேதான் தன் மிச்ச ஆயுசும் கழியப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதார்.

வெளியே வந்தபோது மனைவி நின்றிருந்தாள். “ஏங்க, மூணாயிரம் பத்தலை, நாலாயிரம் பத்தலைன்னு இழுத்துக்கிட்டே இருக்காம, ஒரேடியா பெரிசா ஒண்ணு வாங்கித் தொலைங்களேன். எங்கண்ணன் நல்லவர்தான். ஆனா என்னாலயும் முடியலைங்க.”

ஐம்பதாயிரம் தாங்கும் பெட்டி மூன்று வாரம் கழித்து லாரியில் வந்தது. பீரோ உயரம் இருந்தது. எந்தச் சுவரிலும் நிற்காததால் காரைத் தெருவில் விட்டுவிட்டு, கார் ஷெட்டில் அதைக் குடிவைத்தார்கள். எலக்ட்ரீஷியன் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தார்.

“இருபத்தெட்டு வந்தாலும் சரி, நாப்பத்தெட்டு வந்தாலும் சரி, அசையாது. நாளன்னிக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டே ஆகணும்,” என்றார்.

அந்த நாளும் வந்தது. டாக்டர் பெட்டி படுக்கையைக் கட்டினார். மச்சானின் கடைசிப் பல்லைக் கடைசி முறையாகப் பார்த்தார். “ஆணியைப் பிடுங்கமாட்டேன் மாப்பிள்ளை, எப்ப வேணாலும் வாங்க,” என்று மச்சான் கண் கலங்கினார். காரில் மனைவி பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

தெரு முனையில் திரும்பியதும் டாக்டரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வீட்டு வாசலில் கிரேன் லாரி நின்றது. கிரேனில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தொங்கியது. ஏற்கெனவே வாசலில் இருந்தது அதன் பக்கத்தில் குழந்தை மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் நின்றபடியே தாளில் ஏதோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் இறங்கிப்போய் லைன்மேனிடம் கேட்டார். “இந்தத் தெருவுல யாருக்குப்பா இவ்வளவு கரண்ட் வேண்டியிருக்கு?”

லைன்மேன் மறுபடியும் அதே பெரிய கும்பிடு போட்டார். “உங்களுக்குத்தான் டாக்டர்! பெட்டியைப் பெரிசாக்கிட்டோம்னு நீங்க எழுதிக் குடுக்கும்போதெல்லாம், பாவம் கரண்ட் பத்தலை போலன்னு ஆபீஸ்ல இதையும் பெரிசாக்கிடறோமே!”