சொந்த வீட்டுக் குடித்தனக்காரர்

சொந்த வீட்டில் குடியிருப்பது கௌரவக் குறைச்சல் என்று அந்தப் புறநகரில் எப்போது தீர்மானமாயிற்று என்பதற்கு ஆவணம் ஏதும் இல்லை. ஆனால் எல்லாரும் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்கள். கடனை வாங்கி வீட்டைக் கட்டுவது, கட்டிய வீட்டை வாடகைக்கு விடுவது, அப்புறம் இன்னொருவர் வீட்டுக்கு வாடகைக்குப் போவது. "சொந்த வீட்லயேவா இருக்கீங்க? ஐயோ பாவம்!" என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே!

கணக்கு வாத்தியார் மட்டும் விதிவிலக்கா என்ன? மூன்றாம் தெருவில் அவருக்கு லட்சணமான வீடு இருந்தது. அதில் இன்ஜினியர் குடியிருந்தார். வாத்தியாரோ ஏழாம் தெருவில், பல் டாக்டர் வீட்டில். "நம்ம வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னு ஆசையா இருக்குங்க" என்று மனைவி வாய் திறந்தால், "உனக்குப் பொருளாதாரம் புரியாது" என்று அடக்கிவிடுவார்.

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற நேரம் வந்தது. நடந்து போகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் குடியிருப்புச் சான்று கொடுக்க வேண்டும். தவறினால் ஆறு வயசுக் குழந்தை தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரே பெண்; வாத்தியார் சான்று தரும் அலுவலகத்துக்கு ஓடினார்.

அலுவலகத்தில் குமாஸ்தா சாவகாசமாக நிமிர்ந்தார்.

"வீட்டுக்காரர் கையெழுத்து?"

"இதோ, பல் டாக்டர் போட்டிருக்காரு."

"அவரோட குடியிருப்புச் சான்று? எங்க இருக்காருன்னே தெரியாத ஆளோட கையெழுத்தை இந்த அலுவலகம் எப்படி நம்பும்?"

டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் குடியிருப்பது லாரி கம்பெனி மேனேஜர் வீட்டில். மேனேஜரையும் பிடித்து வந்தார்கள். அவர் இன்ஜினியர் வீட்டில். இன்ஜினியரும் வந்து சேர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் யாரு?"

இன்ஜினியர் வாத்தியாரைக் காட்டினார். குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப வேலை முடிஞ்சுது! சார், உங்க குடியிருப்புச் சான்றை எடுங்க."

"அதைக் கேட்டுத்தானேய்யா மூணு நாளா அலையறேன்!"

"அது இல்லாம இன்ஜினியருக்குத் தர முடியாது. அவருக்குத் தராம மேனேஜருக்கு, மேனேஜருக்குத் தராம டாக்டருக்கு, டாக்டருக்குத் தராம உங்களுக்கு. ஆகவே மேற்படி தாமதத்துக்கு முழுப் பொறுப்பும் தங்களையே சாரும்."

எவ்வளவு யோசித்தும் வாத்தியாரால் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

"வேற வழியே இல்லையா?"

"ஏன் இல்லாம? அவங்கவங்க சொந்த வீட்டுக்குக் குடி போங்க."

நால்வருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்றார் டாக்டர். சிரிக்கக்கூடிய அந்த நாலு பேரும் அங்கேயே நின்றிருந்தபடியால் விஷயம் சுமுகமாக முடிந்தது.

வியாழக்கிழமை நாலு லாரிகள் தெருத்தெருவாகச் சுற்றின. சாமான் இறங்குவதற்குள் வாத்தியாரின் மனைவி முதல் ஆணியை அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் முதல் ஆளாக நின்றார். மற்ற மூவரும் பின்னால்.

"இப்ப சொந்த வீடுய்யா!"

"சந்தோஷம். வாடகை ஒப்பந்தம்?"

"சொந்த வீட்டுக்கு எதுக்குய்யா ஒப்பந்தம்?"

"படிவத்துல சொந்த வீட்டுக்குக் கட்டமே இல்லையே சார்! இதுவரைக்கும் அப்படி யாரும் வந்ததில்ல. வீட்டுக்காரராவும் நீங்களே கையெழுத்துப் போடுங்க, குடித்தனக்காரராவும் நீங்களே போடுங்க. வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னு குடித்தனக்காரருக்கே தெரியறதால, அவரோட சான்று வேண்டாம்."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் வீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கென்று நகல் எடுத்து வைத்திருந்த ஒப்பந்தத் தாளைப் பையிலிருந்து உருவி, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார். குமாஸ்தா வரி விடாமல் படித்தார். நாலாம் நிபந்தனையில் விரல் நின்றது.

"'மேற்படி வீட்டில் குழந்தைகள் எவரும் வசிக்கலாகாது.' அப்படியிருக்க, இந்தக் குழந்தை எப்படி சார் அங்க வசிக்குது?"

"அது... சுவத்துல கிறுக்கிடுவாங்களேன்னு... அந்த வரியை அடிச்சிடறேனே!"

"கையெழுத்தான தாள் சார். பதினோரு மாசத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது."

பின்னால் நின்ற மூவரும் தங்கள் தாள்களைப் பிரித்துப் பார்த்துச் சட்டென்று மடித்துக்கொண்டார்கள். டாக்டர் தலையைக் குனிந்தார். அவர் வீட்டில் இந்தப் பெண் ஆறு வருஷமாக விருந்தாளி என்ற பெயரில்தான் வளர்ந்திருந்தாள்.

குமாஸ்தா குழந்தையைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் ஈவிரக்கமே இல்லாத ஆளா இருக்காரு சார். நீங்களோ புள்ளகுட்டிக்காரரு. பேசாம வேற நல்ல மனுஷன் வீடாப் பாத்துக் குடி போயிடுங்க."