பிறை பஃப்ஸில் ஒரு துண்டு குறைந்தது

நான் யாரையும் எதையும் நம்பாதவன். அதற்காகத்தான் ஓசூரில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளமே தருகிறது. கார்களுக்குப் போகிற சின்னச் சின்ன உதிரிபாகங்களைத் தரம் பார்ப்பது என் வேலை. (தரம் பார்ப்பது என்றால் குறை கண்டுபிடிப்பது. பத்து வருடத்தில் ஒரு பீஸையும் நான் பாராட்டியதில்லை.) ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் அந்தக் குணமும் கூடவே ஏறிக்கொள்ளும். டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ரமலான் மாதத்தில் என் தங்கை நஸ்ரினுக்கு ஒரு வரன் வந்தது. பையன் சூளகிரி, பெயர் ரியாஸ். அவரும் அவர் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வருவது, எல்லாம் சரியாக அமைந்தால் அன்றைக்கே பேசி முடிப்பது என்று ஏற்பாடு. எனக்கு ஒரே ஓர் உறுத்தல். ரியாஸ் வேறொரு கம்பெனியில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். தரம் பார்க்கிறவன் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், தள்ளிவைத்த பீஸை நல்ல பீஸோடு கலந்துவிடுகிற கூட்டம் அது.

நஸ்ரினுக்கு என்னைத் தெரியும். "அண்ணே, வர்றவங்ககிட்ட உன் ஆராய்ச்சிய ஆரம்பிச்சிராத. எனக்கு அவரப் புடிச்சிருக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நல்ல பெயர் வாங்கலாமென்று பலகாரம் நானே செய்வதாகச் சொன்னேன். போனில் பார்த்திருந்தேன். இரண்டு பஃப்ஸ் மாவு ஷீட்டைப் பிறை வடிவில் வெட்டி, நடுவே கொத்துக்கறி பரப்பி, ஒன்றின் மேல் ஒன்றை மூட வேண்டும். விளிம்பைத் துண்டு துண்டாகக் கீறி ஒவ்வொன்றையும் முறுக்கிவிட்டால், வெந்த பிறகு ஆளுக்கொரு முறுக்கைப் பிய்த்துக்கொள்ளலாம். ஷீட் வாங்கியது அத்திப்பள்ளியில். உறையில் கன்னடத்தில் ஏதோ போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா படித்துப் பார்த்து, "ஃப்ரிட்ஜ்ல வெக்கணும்னு போட்டிருக்குதுப்பா" என்றார். அவர் சரியாகத்தான் படித்தாரா என்று மாடி வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை படிக்கக் கொடுத்தேன்.

துண்டுகள் ஒரே அகலமாக இருக்க, கம்பெனியில் பயன்படுத்துகிற வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். "பலகாரம் பண்றியா, போல்ட் பண்றியா?" என்றார் அம்மா. மொத்தம் பதினாறு முறுக்கு. வீட்டில் எல்லோருமே நோன்பு, அதனால் உப்பை வாயில் வைத்துப் பார்க்க வழியில்லை. கறியைக் கரண்டியில் எடுத்துக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு ஓவனைத் திறந்தபோது பொன்னிறமாக ஒரு பிறை வெளியே வந்தது. என் வாழ்க்கையில் குறையே சொல்ல முடியாத முதல் பொருள் அதுதான்.

விருந்தாளிகள் வந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது ரியாஸ் சமையலறைக்கு வந்து, "குடுங்க மச்சான், தட்ட நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். (அதற்குள் மச்சானா? குறித்துக்கொண்டேன்.) தட்டு அவர் கைக்குப் போனது. நான் நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தோடு பின்னால் போய்ச் சேர அரை நிமிடம் ஆகியிருக்கும்.

உட்கார்ந்ததும் எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். பிறையின் ஒரு முனை பிய்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், ரியாஸின் சட்டையில் பஃப்ஸ் தூள் ஒட்டியிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"தம்பி, நீங்க இன்னைக்கு நோன்புதானே?"

"ஆமா மச்சான்."

"இல்ல, தட்டுல ஒண்ணு கொறையுது. உங்க சட்டையில தூள் இருக்குது. அதான் கேட்டேன்."

நோன்பு திறக்கச் சில நிமிடமே இருக்கையில் ஒரு மனிதனைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் மாப்பிள்ளையாக வரப்போகிறவரிடம், அவர் அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். என் அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அறை வாசலில் நின்ற நஸ்ரினின் கண் கலங்கிவிட்டது.

ரியாஸின் அம்மா கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "எம்மவன் ஏழு வயசுலருந்து நோன்பு வெக்கறான் தம்பி. இந்த வீட்டுல சம்பந்தம் வெச்சா தெனமும் அவன் சட்டையத் தட்டிப் பாப்பீங்களா?" என்றவர், பக்கத்தில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ரியாஸ் கோபப்படவில்லை. பிய்ந்த முனையைக் குனிந்து பார்த்தார், நான் வேலையில் பார்ப்பதைப் போலவே.

"மச்சான், உங்க லைன்ல புது லாட் ஓட ஆரம்பிச்சா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"மாதிரிக்கு ஃபர்ஸ்ட் பீஸ் எடுப்போம்."

"எடுத்து?"

"கவர்ல போட்டு, டேக் எழுதி..."

"எங்க வெப்பீங்க?"

"மெஷினுக்குப் பக்கத்துல, மேல் தட்டு..." என்று சொல்லும்போதே என் கண் சமையலறைப் பக்கம் போனது. எங்கள் ஓவனுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது.

அவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதற்குள் பதினாறாவது முறுக்கு. மேலே ஒரு டேக். ஹாலில் நின்று நிதானமாக வாசித்தார். "ஃபர்ஸ்ட் பீஸ். பிறை பஃப்ஸ். நேரம் அஞ்சு நாப்பத்தஞ்சு. ஓகே. சோதித்தவர் பஷீர்." கீழே என் கையெழுத்து. (சத்தியமாக எனக்கு நினைவில்லை. பத்து வருடப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறது.) சட்டையில் இருந்தது தட்டைத் தூக்கியபோது ஒட்டிய தூள்தான்.

அந்த நேரம் பார்த்துப் பாங்கு ஒலித்தது. ரியாஸின் அம்மா டேக்கை வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்குது" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. எல்லோரும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, ஆளுக்கொரு முறுக்கைப் பிய்த்து வாயில் போட்டார்கள். கொத்துக்கறியில் உப்பே இல்லை.

"மச்சான், உப்பு உங்க செக் லிஸ்ட்ல வராதா?" என்றார் ரியாஸ். அன்றைக்குத்தான் நஸ்ரின் அவர் எதிரிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணம் நிச்சயமானது.

இப்போதும் ரமலானில் பலகாரத் தட்டு வந்தால், ஃப்ரிட்ஜுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரியாஸ் உட்காருவார். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். வெள்ளைத் துண்டில் சுற்றிய பெண் குழந்தை. துண்டின் ஓரத்தில் ஒரு டேக். "ஃபர்ஸ்ட் பீஸ். சோதித்தவர்" என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

கிடைத்த பஸ்ஸில் ஓடினேன். குழந்தையைக் கையில் வாங்கினேன். கண்ணீர் மறைத்தாலும் டேக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"வெரல எண்ணிட்டியாண்ணே?" என்றாள் நஸ்ரின்.

"ரெண்டு தடவ."