அப்பாவின் இலையில் புகை விஸ்கி

அன்று இருந்தவர்கள்: அம்மா, பெரியப்பா, மாமா, நான், பதினெட்டு வருடம் பீப்பாயில் கிடந்த ஒரு விஸ்கிப் போத்தல். இல்லாதவர் அப்பா. ஏற்பாடு முழுவதும் அவருக்காகத்தான் என்பதால், அவர் வராததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்பாவுக்கு முப்பதாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்த சோறு, கறி, சுருட்டு, சாராயம் எல்லாவற்றையும் இலையில் வைத்துக் கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பிறகு அந்த இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வாசலில் வைப்போம். காகம் எடுத்தால் அவருக்கு மனநிறைவு. எடுக்காவிட்டால் ஏதோ குறையோடு போயிருக்கிறார்.

அம்மா அந்தக் காகத்துக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். அப்பாவின் உயிர் பிரிந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் வழியில் நின்றுவிட்டது. தன்மேல் கோபத்தோடு போனாரா, இல்லையா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான் அப்போது பண்டாரவளைப் பக்கம், பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கிய இடத்தில், பார் பகுதியில் வேலை. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள். விஸ்கியை எப்படி ருசிக்க வேண்டும் என்று வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கே விளக்குவேன். "முதலில் கடல்பாசி வாசம் வரும், அப்புறம் ஈரமண், கடைசியில் புகை" என்பேன். (கடலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பஸ்ஸிலிருந்து.) அப்பா செத்ததைக் கேள்விப்பட்ட வயதான விருந்தாளி ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் போத்தலில் இருந்த மீதியை என் கையில் கொடுத்து, "உன் அப்பாவுக்கு" என்றார். உலகத்தில் புகைவாசம் மிக்க விஸ்கிகளில் அது ஒன்று.

அப்பா தேயிலை ஆலையில் (எங்கள் பேச்சில் ஸ்டோரு) கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டவர். அந்தப் புகைதான் கடைசியில் அவர் நெஞ்சை அடைத்தது. இதைப் படிக்கும்போதே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். படித்தவன் எனக்குப் புரியவில்லை.

மாமா இடுப்பிலிருந்து கால் போத்தல் சாராயத்தை எடுத்தார். "மாப்ள, மச்சான் குடிக்கிறது இதுதான். இதையே வச்சிருவோம்."

"உசுரோட இருக்கையில நல்ல சாமானே அவரு குடிக்கல மாமா. இன்னைக்காவது குடிக்கட்டும்."

சாராயத்தை வாங்கி அரிசிச் சட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த, மேலே குறுகிய கண்ணாடிக் குவளையை இலைக்கு முன் வைத்து விஸ்கியை ஊற்றினேன்.

"வாய் இம்புட்டுதானா," என்றார் மாமா. "மச்சான் மூக்கு மாட்டிக்குமே."

மலைத்தண்ணீர் வந்து விழும் பீலியில் பிடித்துவந்த தண்ணீரை ரெண்டு சொட்டு அதில் விட்டேன். "அப்பதான் வாசம் தொறக்கும்."

"மூடியே இருந்தாலும் பரவால்லடா," என்றார் பெரியப்பா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அந்த அமைதியான நேரத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. பார்லியை எப்படிப் புகை போட்டு உலர்த்துகிறார்கள் என்று விளக்கினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம ஸ்டோர்ல தூள்ல புகை வாசம் அடிச்சா, டீமேக்கரு கழிச்சுக் கட்டிருவாரு. அங்க அதுக்கு வெல வச்சு விக்கிறானுங்களா?"

கதவைத் திறந்ததும் மூத்தவர் என்ற முறையில் முதல் வாய் பெரியப்பாவுக்கு. ஒரே மடக்கு. கண் கலங்கியது.

"டேய், காயத்துக்குத் தடவுற மருந்து வாசம்டா இது. ஒங்கப்பன ஆஸ்பத்திரியில இருந்துதான தூக்கிட்டு வந்தோம். திரும்ப அங்கயே கொண்டுபோறியா?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விஸ்கி அப்பாவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று காகத்தின் சோற்றிலும் கொஞ்சம் தெளித்தேன்.

காகம் வந்தது. தகரக் கூரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. கீழே இறங்கி ஒரு பருக்கையைத் தொட்டது. அலகைக் கல்லில் தேய்த்துவிட்டு, தேயிலைப் பக்கம் பறந்துபோய்விட்டது.

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "கோவமாத்தான் போயிருக்காரு," என்றாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரிந்த கடல்பாசி, ஈரமண் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து உள்ளே போனாள். குவளையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"தம்பி, இது ஒங்கப்பா சட்டைடா."

குவளையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து இந்த வாசத்தத்தான் சோப்புப் போட்டுக் கழுவுனேன். இது தொண்டைய விட்டுப் போகணும்னுதான் அந்த மனுசன் சாராயம் குடிச்சாரு. நீ அதையே ஊத்தி வச்சா எப்படிடா குடிப்பாரு?"

மாமா அரிசிச் சட்டிக்குப் பின்னாலிருந்து சாராயத்தை எடுத்துவந்தார். புது இலை போட்டோம். எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி ஊற்றினார். இந்தத் தடவை கதவுக்கு வெளியே நான் வாய் திறக்கவில்லை.

சோற்றை வைத்த கை திரும்புவதற்குள் காகம் வந்தது. தனியாக வரவில்லை, இன்னும் ரெண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. ("மச்சான் என்னைக்கு ஒத்தையில குடிச்சாரு?" என்றார் மாமா.) அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முப்பது நாளில் அப்படி அவள் அழுததை நான் பார்த்ததில்லை.

எங்கள் உறவில் இப்போது எந்த விசேஷமானாலும், யார் டம்ளரை நீட்டினாலும், "மாப்ளயக் கூப்புடுங்க, ரெண்டு சொட்டுத் தண்ணி விடணும்" என்கிறார்கள். நானும் போய்ச் சொட்டு விடுகிறேன்.

மீதி விஸ்கியை அன்று சாயங்காலமே பீலியடியில் கொட்டப்போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டையெல்லாம் கழுவிட்டேன்டா. ஒண்ணுலயும் வாசம் இல்ல. இது இருக்கட்டும்."

போத்தல் அலமாரியில் அவள் சேலைகளுக்கு நடுவே இருந்தது. எப்போதாவது திறந்து மோந்துவிட்டு மூடுவாள். யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை. திறந்து திறந்து மூடியதிலேயே போன தீபாவளிக்குள் அது வற்றிவிட்டது. கொழும்பில் சொல்லிவைத்து அதே விஸ்கியை வரவழைத்துக் கொடுத்தேன்.

"என்ன வெல?"

"ஆயிரத்து நூறும்மா."

"பொகைக்குப் போயி ஆயிரத்து நூறா," என்று திட்டிக்கொண்டே போத்தலைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

உண்மை விலை அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.