வாணிவிழாவன்று நின்றுபோன கணக்கு

ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவனுக்கு அதை மேற்பார்வை செய்யும் பதவி எப்படியோ கிடைத்துவிடுகிறது. எனக்கும் கிடைத்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, யாழ்ப்பாண நகரில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் சிஸ்டம் ஒப்பரேற்றர். (ஒரு யுனிக்ஸ் இயந்திரம், அதில் கொழுவிய மூன்று திரைகள், என் சட்டைப் பையில் இரண்டு பேனா. சிஸ்டம் என்றால் அவ்வளவுதான்.)

அந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கண்காணிப்பு நிரல். இயந்திரம் எவ்வளவு வேலை செய்கிறது, நினைவகத்தில் என்ன மிச்சம், எந்த நிரல் அதிகம் தின்கிறது என்றெல்லாம் எண்களாகக் காட்டிக்கொண்டே இருக்கும். புருவத்தைச் சுருக்கி அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றால் மாணவர்கள் என்னைப் பெரிய விஷயகாரன் என்று நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானும் நம்பிவிட்டேன்.

என் அண்ணை புத்தூரில் கணித ஆசிரியர். மூன்று வருடமாக ஊர்க் கிணறுகளில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். அதை ஒரு பெரிய கணக்காகப் போட்டு, வரும் முடிவை விண்ணப்பத்தோடு அனுப்பினால் நோர்வேயில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும் போல் இருந்தது. வாணிவிழாவன்று, சரஸ்வதி பூசை என்பதால், வகுப்பு இல்லை. இயந்திரம் முழு நாளும் அண்ணைக்கு. பக்கத்து வீட்டு மாஸ்டர் அன்று பின்னேரம் ஐந்து மணிக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால்தான் விண்ணப்பம் கடைசித் திகதிக்குள் போய்ச் சேரும்.

காலை ஆறு மணிக்குக் கணக்கைத் தொடக்கினோம்.

"ஒரு மணிக்கு முடிஞ்சிடும்," என்றார் அண்ணை.

நான் பேசாமல் கடலை தின்றுகொண்டு இருந்திருக்கலாம். அண்ணையின் வேலை ஆயிற்றே, விசேட கவனிப்பு வேண்டாமா? வழக்கமாக அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கண்காணிப்பு நிரலை வினாடிக்கு ஒருமுறை அளக்கச் சொன்னேன். அளந்ததை எல்லாம் வன்தட்டில் பதியவும் சொன்னேன்.

பத்து மணிக்குக் கணக்கு பாதி தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை.

"ஏன்ரா இப்பிடி இழுக்குது?"

"ஏதோ ஒண்டு களவாய்த் தின்னுது அண்ணை. நான் பிடிக்கிறன்."

நிரல் காட்டிய பட்டியலில் கள்ளனைக் காணவில்லை. இரண்டாவது திரையிலும் அதே நிரலை ஏவினேன். பிறகு மூன்றாவதிலும். ஒன்றையொன்று சரிபார்க்கட்டும் என்று யோசனை. இயந்திரம் இன்னும் மெதுவானது.

"புத்தகத்திலை என்ன போட்டிருக்கெண்டு ஒருக்கா பாரன்."

கண்காணிப்பு நிரலோடு வந்த விளக்கப் புத்தகம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தது. "பூசைக்கு வச்சது அண்ணை. நாளைக்குத்தான் எடுக்கலாம்."

"சரஸ்வதி கோவிக்கமாட்டா. எடு."

"தேவையில்லை அண்ணை. எனக்கு உது மனப்பாடம்."

(நான் அதில் வாசித்தது முதல் பன்னிரண்டு பக்கம்.) பக்தி என்று அண்ணை நினைத்திருப்பார். உண்மையில், புத்தகத்தைத் திறந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அண்ணைக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

நாலரை மணிக்குக் கணக்கு முடியும் தறுவாயில், வன்தட்டில் இடமில்லை என்று ஒரு வரி வந்தது. விடையை எழுத இடமில்லாமல் கணக்கு நின்றுபோனது. அதுவரை போட்டதும் போயிற்று. இடத்தை நிரப்பியிருந்தவை எல்லாம் நான் பதிந்த அளவுகள்.

"உன்ரை புரோகிராம் என்னத்தையடா இவ்வளவு எழுதினது?"

"உங்கடை கணக்கு ஏன் மெதுவாய் ஓடுதெண்டு, அண்ணை."

அண்ணை ஏசவில்லை. கொப்பிகளை அடுக்கி சைக்கிள் கரியரில் கட்டினார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் விஜயதசமி. குழந்தைகளுக்கு ஏடு தொடக்கும் நேரத்தில் நானும் புத்தகத்தைத் திறந்தேன். கடைசி அத்தியாயம், 'தெரிந்த குறைகள்'. மிகக் குறுகிய இடைவெளியில் அளந்தால் இந்த நிரலே இயந்திரத்தை மெதுவாக்கும். பட்டியலில் அது தன்னைக் காட்டாது. பதிவுகளை அழிக்காவிட்டால் வன்தட்டு நிரம்பிவிடும். எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன.

வீட்டுக்குப் போய் அண்ணையிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். "அப்ப நீ பார்த்துக்கொண்டு நிண்டதாலைதான் அது ஓடேல்லை."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பகிடி. பால் பொங்கச் சுணங்கினால், பஸ் வராவிட்டால், "தம்பியை அங்காலை பார்க்கச் சொல்லுங்கோ" என்பார்கள். பிறகு வந்த அண்ணியும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்.

அடுத்த வருடம் போர் மூண்டு மின்சாரம் நின்றது. இயந்திரத்தின் மேல் லாம்பு வைத்தோம். தபாலும் பாதையும் நிச்சயமில்லாமல் போக, அண்ணை திரும்ப விண்ணப்பிக்கவில்லை. கிணறுகளை மட்டும் அளந்துகொண்டிருந்தார்.

தொண்ணூற்று நான்கில் அவர் கடும் காய்ச்சலோடு பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு ஒவ்வொரு துளியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், உதைப் பாராதை. நீ பார்த்தால் உது இறங்காது. போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வா."

அண்ணி சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன். கால் மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்தபோது அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை போய்விட்டார்.

நோர்வேக்குப் போயிருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பாரோ என்று நினைக்காமல் எனக்கு ஒரு வாணிவிழாவும் கழிந்ததில்லை.

அண்ணி இப்போதும் அந்தப் பகிடியைச் சொல்லுவார். போன பொங்கலுக்கும் பானையடியில் நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, அங்காலை போங்கோ. நீங்கள் நிண்டால் பொங்காது," என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் பார்த்தால் எல்லாம் மெதுவாகும் என்றால், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பியிருக்கக் கூடாது.