மூத்த மாப்பிள்ளையும் ஈரக்கல் வாசனையும்

ஆரோக்கியம் கருங்கல்லை நக்கிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி லின்சி கடைக்குள் வந்துவிட்டாள்.

பட்டுக்கோட்டையில் அவனுடையது டைல்ஸ், கிரானைட் கடை. கல்லைத் தட்டிப் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம். நாக்கை வைத்துப் பார்த்த வியாபாரி அந்த ஊரில் இதுவரை எவனும் இல்லை.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"தூசி இருந்துச்சு. துடைச்சேன்."

"நாக்காலயா?"

சாப்பாட்டு கேரியரை வைக்க இடம் தேடிய லின்சி, மேஜையைப் பார்த்து அப்படியே நின்றாள். ஒரு ஓட்டுச்சில்லு, ஒரு சாக்பீஸ், ஒரு கிளிஞ்சல். எல்லாமே ஈரமாக இருந்தன. சாக்பீஸில் பல் பட்ட தடம்கூடத் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜோஸ்வா.

ஜோஸ்வா லின்சியின் தங்கை கணவன். பெங்களூரில் பெரிய ஹோட்டலில் வேலை. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று ருசி பார்த்துச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். 'குடிக்கிறதுக்குச் சம்பளமா!' என்று ஆரோக்கியம் ஆரம்பத்தில் சிரித்தான். ஈஸ்டர் விருந்தோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அன்று தஞ்சாவூரில் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த ஜோஸ்வா, கதவோரம் நின்ற நீளக் கழுத்துப் பாட்டிலைப் பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காமல், மனைவியிடம் அவன் கொடுத்தனுப்பிய பிரெஞ்சு வெள்ளை ஒயின்.

"என்ன மாமா, இன்னும் முடிக்கலையா?"

"ஒரு வாய் குடிச்சேன் மாப்ள. புளிச்சுது. அப்படியே வச்சுட்டேன்" என்றார் அருள்சாமி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

"திறந்து இத்தனை மாசமாச்சா? கெட்டுப் போயிருக்குமே."

ஜோஸ்வா கொஞ்சம் ஊற்றி, கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டான். பிறகு ஒரு வாய். கண்ணை மூடியவன் வெகுநேரம் திறக்கவில்லை.

"மாமா, கெடவே இல்ல! முதல் மழை விழுந்த கல்லு மாதிரி ஒரு வாசனை. அதுக்குப் பின்னாடி சுண்ணாம்பு. கடைசியில நாக்கு ஓரத்துல கடல் உப்பு, கிளிஞ்சலை வாயில போட்ட மாதிரி. பழம் பின்னாடி ஒதுங்கி நிக்குது, கல்லுதான் முன்னாடி வருது. இதைத்தான் நாங்க மினரல்னு சொல்லுவோம்."

அருள்சாமியும் ஒரு வாய் குடித்தார். "அட ஆமா! நம்ம வெண்ணாத்துப் படித்துறை வாசனை!" என்று தொடையைத் தட்டினார். பிறகு கிளாஸ் கைக்குக் கை மாறியது. ஆளாளுக்குக் கல் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அம்மிக்கல்லே தெரிந்தது.

ஆரோக்கியம் மட்டும் குடிக்கவில்லை.

"எனக்கு அசிடிட்டி" என்றான். அசிடிட்டி இல்லை. வயிற்றெரிச்சல்.

இருக்காதா? கிறிஸ்துமஸ் ஒயின் போட்டு எடுத்துவருவது அந்த வீட்டில் அவன் பொறுப்பு. வருடாவருடம் கறுப்புத் திராட்சையில் போடுகிறவன், போன தடவை ஆசைப்பட்டுப் பச்சைத் திராட்சையில் போட்டான். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி என்று இனிப்பைக் குறைத்தான். கேன் தண்ணீர் தீர்ந்துபோனதால் கடை போர்த் தண்ணீரை ஊற்றினான். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மாப்ள, தொட்டித் தண்ணி மாதிரி இருக்கு" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஒயினை யாரும் கேட்கவில்லை.

அந்தப் புண்ணின்மேல் அருள்சாமி இன்னொரு குத்து வைத்தார். ஈஸ்டர் கழிந்து சில வாரத்தில் அவருடைய திருமணப் பொன்விழா. கேக் வெட்டும்முன் ஒயின் கிளாஸைத் தூக்கி நாலு வார்த்தை பேசுவது எப்போதும் மூத்த மாப்பிள்ளைக்கு உள்ள மரியாதை.

"இந்தத் தடவை சின்ன மாப்ள பேசட்டும். அவர் சொன்னா கல்லுகூட இனிக்குது."

"ஏன் மாமா, அந்தக் கல்லை நான் சொல்ல மாட்டேனா? கல்லு வியாபாரியே நான்தானே!"

"சரி, ரெண்டு பேரும் அன்னிக்கு அதே ஒயினைக் குடிச்சுச் சொல்லுங்க. யாரு நல்லா சொல்றாங்களோ, அவங்க கிளாஸைத் தூக்கட்டும்."

அதனால்தான் கருங்கல். அதனால்தான் சாக்பீஸ்.

இதையெல்லாம் லின்சியிடம் சொல்ல வெட்கப்பட்டு, "தூசி" என்று சொன்னது தப்பாகப் போயிற்று. அவள் நேரே அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"கல்லு, சாக்பீஸ் எல்லாம் திங்கிறாரும்மா."

"மாசமா இருக்கிறவ சாம்பல் தின்பா, சிலேட்டுக்குச்சி தின்பா. மாப்ளைக்கு என்னடி வந்துச்சு?" என்று பதறினாள் அடைக்கலமேரி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை வந்தது. மறுநாளும் முருங்கைக்கீரை. கூடவே பூச்சி மாத்திரை, சிவப்பாக ஒரு சத்து டானிக். பெங்களூரில் இருந்து ஜோஸ்வாவே கூப்பிட்டான்.

"அண்ணே, ரத்தசோகையாமே? பேரீச்சம்பழம் அனுப்பட்டுமா?"

அந்தக் கரிசனம்தான் ஆரோக்கியத்தை அதிகமாக எரித்தது. பொறுக்க முடியாமல் லின்சியிடம் உண்மையைச் சொன்னான்.

"ருசி பழகுறேன்டி! உன் தங்கச்சி புருசன் சொன்ன கல்லு, சுண்ணாம்பு, உப்பு, எல்லாம் எப்படி இருக்கும்னு தெரிய வேணாமா?"

லின்சி சிரித்தாள். சிரித்துவிட்டு அதையும் அம்மாவிடம் சொன்னாள். மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஆட்டுக்கல் படம் போட்டு, 'மூத்த மாப்பிள்ளைக்கு டிபன் ரெடி' என்று எழுதியிருந்தார்கள். மாமனார் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்த நிமிடம் ஆரோக்கியம் ஒரு முடிவுக்கு வந்தான். ஜோஸ்வாவைப்போல் பேச வராது. பேசுகிறவன் வாயை அடைக்க வரும்.

பொன்விழா அன்று காலை, விருந்தாளிகளுக்கென்று பட்டுக்கோட்டையில் இருந்து ஒரு வண்டி இளநீரோடு வந்து இறங்கினான். "நீங்கள்லாம் பூசைக்குப் போங்க, நான் பிரியாணியைப் பாத்துக்கறேன்" என்றான். பெரிய மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று நெகிழ்ந்தபடி எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

வீடு காலியானதும் ஃப்ரிட்ஜைத் திறந்தான். எண்ணெய் பாட்டிலில் மோர், ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளிக்கரைசல். எதையும் வீணாக்க மாட்டாள் அடைக்கலமேரி. நடுவில் அந்த நீளக் கழுத்து. அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், கறிவேப்பிலைச் செடியின் அடியில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தான். அந்த வாசனை தனக்கும் பிடித்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். பிறகு ஒரு இளநீரை வெட்டி, பாட்டிலில் ஊற்றி, மூடி, பழையபடி வைத்தான்.

இளநீரைக் குடித்துவிட்டு ஜோஸ்வா கல், சுண்ணாம்பு, கிளிஞ்சல் என்று அடுக்குவான். அடுக்கி முடித்ததும் எழுந்து நிற்க வேண்டும். 'தம்பி, அது நம்ம பட்டுக்கோட்டை இளநீ!' அந்த ஒரு வரியைப் பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மதியம் கேக் வந்தது. கிளாஸ்கள் வந்தன. ஜோஸ்வா ஊற்றினான், சுழற்றினான், முகர்ந்தான். புருவம் சுருங்கியது. ஒரு வாய் குடித்தான்.

"மாமா, இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"இது இளநீ. லேசா வழுக்கை விழுந்த பருவத்துல வெட்டினது."

வாசலில் குவிந்திருந்த இளநீர்க் குலைகளை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தார்கள். மனப்பாடம் செய்த ஒரு வரியை வேறொருவன் சொல்லிவிட்டால் மனிதன் என்னதான் செய்வான்?

"ஆமா, நான்தான் மாத்தினேன்!" என்று வெடித்தான். "அந்த ஒயினைக் கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன். நான் பாத்துப் பாத்துப் போட்டுக் கொண்டாந்தா தொட்டித் தண்ணி. எவனோ முகம் தெரியாதவன் போட்டா படித்துறை வாசனையா?"

ஜோஸ்வா கோபப்படவில்லை. அவன் கண் கலங்கியதைத்தான் ஆரோக்கியத்தால் தாங்க முடியவில்லை.

"பாவம்ணே. வேலைக்காக எத்தனையோ குடிச்சிருக்கேன், அது மாதிரி ஒண்ணு கிடைச்சதில்ல. அதைப் போட்டவன் கையைப் பிடிச்சு ஒரு முத்தம் கொடுக்கணும்னு நினைச்சிருந்தேன்."

"போட்டவன் மட்டும் என் முன்னாடி வந்து நின்னா, இந்த வீட்டுல கிளாஸைத் தூக்குற மரியாதையைக் காலம் பூரா அவனுக்கே கொடுத்திருப்பேன்" என்று பெருமூச்சு விட்டார் அருள்சாமி. "சின்ன மாப்ள, வேற ஏதாவது ஊத்திக் கிளாஸை நீங்களே தூக்குங்க. இனிமே எப்பவும் நீங்கதான்."

இலைக்கு இலை மீன் ஊறுகாய் வைத்துக்கொண்டே வந்த அடைக்கலமேரி, கரண்டியோடு ஆரோக்கியத்தின் எதிரில் நின்றுவிட்டாள்.

"ஐயோ மாப்ள, அந்தப் பிரெஞ்சு ஒயினை வினிகர்னு நினைச்சுப் புது வருசத்துலயே ஊறுகாய்க்கு ஊத்திட்டேன், அந்தப் பாட்டில்ல இருந்தது, கொட்ட மனசு வராம நான் ஊத்தி வச்ச உங்க கிறிஸ்துமஸ் ஒயினாச்சே!"