கால்சனிக்குக் கறுப்புக் கயிறு

சனிக்கிழமை காலையில் சுரக்குடி போகும் பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. அங்கே ஒரு தென்னந்தோப்பில் பஞ்சநாத சுவாமிகள் காலைப் பிடித்த சனியை, அதாவது கால்சனியை, ஓட்டிக்கொண்டிருந்தார். மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டில் கால் வைக்க முடியாதவர்கள் வந்தார்கள். பரீட்சையில் தவறியவர்களும் வந்தார்கள். படித்துத் தவறினார்களா என்று சுவாமிகள் கேட்பதில்லை. அது 2007, சனிப்பெயர்ச்சி ஆண்டு. கேட்கவா வேண்டும்?

அந்தக் கூட்டத்தில் சைக்கிளோடு நின்றாள் ஜெயப்ரியா. திருமலைராயன்பட்டினத்து மீனவர் ஆனந்தராஜின் மகள், டிரையத்லான் பந்தயக்காரி. கடலில் நீந்திக் கரையேறி, சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஓட வேண்டும். நீச்சலில் அவளை முந்த ஆளில்லை. சைக்கிளிலும் அவள்தான் முன்னால். இறங்கி ஓடத் தொடங்கினால்தான் வினை. கால்கள் ஊறிய கயிறாகக் குழையும். பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போவார்கள். போன ஆண்டு புதுச்சேரி அணித் தேர்வு அப்படித்தான் கைநழுவியது. இந்த ஆண்டும் போனால் வயது வரம்பு முடிந்துவிடும்.

"நளனையே காலப் புடிச்ச சனி, ஒன்ன விடுமா பாப்பா?" என்று அப்பாதான் அழைத்து வந்திருந்தார்.

சுவாமிகள் அவளை வரிச்சிக்குடிவரை மூச்சுப் பிடித்து மிதித்துத் திரும்பச் சொன்னார். வந்து இறங்கியதும், "ஓடும்மா" என்றார். கால் பின்னியது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"பாத்தீங்களா? புடிச்சு இழுக்குறான்!"

பிறகு அவளை மணையில் உட்காரவைத்து, நல்லெண்ணெய் தடவி, நீளமாக ஒரு மந்திரம் சொன்னார். அதைவிட நீளமாக இன்னொன்று. நடுவில் சுவாமிகள் இளநீர் குடித்தார்; சனி காத்திருந்தது. கடைசியில் கணுக்காலில் கறுப்புக் கயிறு ஏறியது.

"இப்ப ஓடு."

ஓடினாள். மான் தோற்றது. ஆனந்தராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்டியலைத் தேடிப் போனார்.

"கட்டு போட்ட காலோட பயிற்சி கியிற்சின்னு அலையாதம்மா. அவுந்துடும்" என்று எச்சரித்து அனுப்பினார் சுவாமிகள். அவளும் அலையவில்லை.

அடுத்து வந்த ஒத்திகைப் பந்தயத்தில் கயிறு அப்படியே இருந்தது, கால்தான் அவிழ்ந்துபோனது. தோழி விஷ்ணுப்ரியா தாண்டிப் போனாள். சுவாமிகளிடம் ஓடினால், "எடது கால மொதல்ல ஊனியிருப்ப" என்று இன்னொரு கயிறு கட்டினார். வலது காலை ஊன்றியிருந்தால் அதற்கும் ஒரு கயிறு வைத்திருந்திருப்பார்.

திரும்பும் வழியில், கூட வந்த விஷ்ணுப்ரியாவோடு சர்பத் கடையில் நின்றபோது ஜெயப்ரியா கேட்டாள்: "ஏன் விஷ்ணு, மந்திரம் முடியிறவரைக்கும் நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்?"

இருவரும் மீண்டும் வேகமாக மிதித்து வந்தார்கள். நிதானமாகச் சர்பத் குடித்தார்கள். ஓடிப் பார்த்தார்கள். கால் நன்றாகவே ஓடியது.

"நன்னாரி சர்பத்துக்கும் சனி பயப்படுதுடி!" என்றாள் விஷ்ணுப்ரியா.

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாந்த கோபத்தில் கயிற்றை அறுத்துப் போட்டாள். மறுநாளிலிருந்து சைக்கிளைவிட்டு இறங்கியதும் உட்காராமல் ஓடிப் பழகினாள். கடைசித் தூரத்தில் லேசான கியரில் கடகடவென்று மிதிப்பது, இறங்கியதும் சின்னச் சின்ன அடியாக வைப்பது. முதலில் குடிகாரன் நடைதான். போகப் போகக் கால் புரிந்துகொண்டது. நெடுநேரம் மிதித்த கால் ஓட்டத்துக்கு மாறத் திணறுகிறது. மாறிப் பழகினால் திணறல் குறைகிறது. இதில் சனிக்கு எந்த வேலையும் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, தோப்பு நிரம்பியிருந்த நேரத்தில் எழுந்து நின்றாள்.

"சாமி, ஒங்க ஆளு ஒருத்தருக்கு, சைக்கிள்ல ஏறுறதுக்கு முன்னாடியே கயித்தக் கட்டிடுங்க. எறங்குன ஒடனே ஓடட்டும். பாத்துடுவோம்."

சுவாமிகள் கண்ணை மூடினார். "ஆமா, செய்ங்க சாமி!" என்றது கூட்டம். அதற்கும் வேடிக்கைதானே வேண்டும்! பிரதான சீடன் முருகானந்தம் இரண்டு காலிலும் கயிற்றோடு கிளம்பினான். கயிறில்லாமல் விஷ்ணுப்ரியாவும் ஜெயப்ரியாவும் கூடவே போனார்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் முருகானந்தம் ஓடினான். கால் பின்னி வாய்க்காலில் விழுந்தான். விஷ்ணுப்ரியா மந்திர நேரம் அளவுக்கு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு, ஜோராக ஓடினாள். ஜெயப்ரியாவோ இறங்கிய கையோடு தோப்பைச் சுற்றி ஓடி வந்து நின்றாள்.

"ஒனக்கு யாரும்மா கட்டுனது?" என்று கேட்டாள் முன்வரிசையில் இருந்த காசியம்மா, தன் காலில் கிடந்த மூன்று கயிற்றையும் பார்த்தபடி.

"யாரும் கட்டலைங்க. தெனமும் எறங்கி ஓடிப் பழகுனேன்."

"இவ ஜாதகமே வேற" என்றபடி சுவாமிகள் அவசரமாக எழுந்தார். காலையிலிருந்து சம்மணமிட்டிருந்த கால் மரத்துப்போயிருந்தது. தள்ளாடித் தென்னையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, கயிறு கட்டவா?" என்றாள் காசியம்மா.

தோப்பே சிரித்தது. ஆனந்தராஜ் மட்டும் சிரிக்காமல் மகளின் சைக்கிளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயப்ரியா அணியில் சேர்ந்தாள். சுவாமிகள் வேறு ஊரில் முதுகுக்கேது ஓட்டுவதாகக் கேள்வி. அங்கும் பஸ்ஸில் நிற்க இடமில்லையாம். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிந்திப்பதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டாம், ராகுகாலத்திலும் சிந்திக்கலாம்.