ஊசிக்குப் பயந்த மேனேஜர்

ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் கூப்பிடுவது பூட்டுக்காரரைத்தான். ஆனால் போனை எடுப்பது அவர் மனைவி. கடைப் பலகையில் எழுதியிருப்பது அவள் நம்பர். எந்தத் தெருவுக்கு முதலில் போகவேண்டும், எத்தனை மணிக்கு, என்ன கூலி, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அவருக்கென்றும் ஒரு போன் உண்டு. அதில் அவள் ஒருத்திதான் கூப்பிடுவாள். அதனால் மனைவிக்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை.

அப்பேர்ப்பட்ட மேனேஜரிடம் ஒரு விஷயத்தை மறைப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சபதம் எடுத்தார். விதி யாரை விட்டது.

நடந்தது இதுதான். பக்கத்துக் கடைக்காரரின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கக் கம்பீரமாகப் போனார். அங்கே ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி ஒரு டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். ஹெபடைடிஸ் சி. சின்ன வயசில் போட்ட ஏதோ சுத்தமில்லாத ஊசியில் வந்திருக்கலாம், சத்தம் போடாமல் கல்லீரலில் குடியிருந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடுமாம். தலைவலி, அசதி, குமட்டல் கொஞ்சம் இருக்கலாம். அடுத்த மாதம் ஆரம்பிப்போம், அதற்குள் உடம்பைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்று பத்தியம் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். பூட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தைரியமாகத் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் டாக்டர் சொன்னார்: "வீட்டம்மாவுக்கும் ஒரு தடவை ரத்தம் பாத்துடுங்க."

எழுந்தவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூடச் சாப்பிடுவதாலும் தொடுவதாலும் ஒட்டாது, ரத்தத்தில்தான் பரவும் என்று டாக்டர் விளக்கினார். ஆனால் வீட்டுக்கே ஒரு நகவெட்டிதானே இருக்கிறது, குளியலறை ஆணியில் தொங்கிக்கொண்டு? தனக்கு வந்தது தன் தலையெழுத்து. தன்னால் அவளுக்கு வந்திருந்தால் என்ன செய்வது? விஷயத்தைச் சொல்லாமல் அவளுக்கு ரத்தம் பார்த்துவிட வேண்டும், ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். தாளைக் கருவிப் பெட்டியில் போட்டு, கடையிலேயே உசத்தியான பூட்டாகப் பார்த்துப் பூட்டினார்.

புதன்கிழமை முழுக்க என்ன பொய் சொல்வது என்று யோசித்தார். நல்லவேளை, அன்று மேனேஜர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா வீட்டிலிருந்து பை நிறையாமல் திரும்பாதவள் அன்று வெறுங்கையோடு வந்தாள். அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பொய் தயார். ஆஸ்பத்திரியில் நாற்பது வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாக ரத்தம் பார்க்கிறார்களாம், ஓசியில் கிடைப்பதை ஏன் விடவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"ஊசி போட்டா ரத்தம் எடுப்பாங்க?" மேனேஜர் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊசின்னாலே எனக்குக் கைகால் வெலவெலத்துப் போயிடுமேங்க."

மூன்று பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டபோது தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு வெளியே ஓடியவர் இவர். இந்தப் பழைய கதை அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

கெஞ்சினார். கடைசியில் அவள் மனசு இரங்கினாள். "சரி, உங்களுக்காக வர்றேன். ஆனா மனசைத் திடப்படுத்திக்க ஒரு மாசமாவது வேணும். அதுவரைக்கும் எனக்காக நீங்களும் ஒண்ணு விடணும். ஊறுகாயையும் பொரிச்சதையும் விடுங்க."

பூட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தார். உள்ளே ஒரே குதூகலம். தாளில் முதல் வரியே அதுதான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததே என்று பூரித்துப்போனார்.

ஆனால் மேனேஜரின் மனசு சுலபத்தில் திடப்படவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை பயம் புதுசாக வந்தது. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு நிபந்தனை. தினமும் பெரிய பாட்டிலில் தண்ணீர், அது காலியாகாவிட்டால் ஊசியும் கிடையாது. மூன்று வேளை மூக்குமுட்டத் தின்பதை விட்டு, அளவாக ஐந்து வேளை. மத்தியானம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் படுக்கை. விஷயம் தெரிந்த ஒரே கூட்டாளியான இரும்புக்கடைக்காரர் கல்லீரலுக்கு நல்லது என்று அவருக்குக் கொடுத்த பச்சிலைப் பொடியைச் சாக்கடையில் கொட்டினாள். மலிவாகக் கிடைத்ததென்று ஆளுக்கொரு நிறத்தில் நகவெட்டி வாங்கி வந்தாள். நகவெட்டியைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்காமலே கொடுக்கிறானே கடவுள்!

சனிக்கிழமைக் கிளாஸில்தான் சறுக்கியது. வாரம் முழுக்கப் பூட்டோடு மல்லுக்கட்டிவிட்டு இரும்புக்கடைக்காரரோடு குடிக்கிற ஒரு கிளாஸ் அது. கூடவே கூடாது என்று தாளில் கோடு போட்டு எழுதியிருந்தது. இருந்தாலும், பாதி கிளாஸ் என்று பேரம் பேசிப் பார்த்தார்.

"அப்ப நானும் பாதி ரத்தம் குடுக்கறேன்" என்றாள் மேனேஜர்.

கிளாஸும் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் பழரசத்தோடு உட்கார்ந்து இரும்புக்கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டார். "அவளுக்கே தெரியாம, அவளை வெச்சே என் பத்தியத்தை நடத்திட்டிருக்கேன் பாரு. பெண்டாட்டியை ஏமாத்தறதுக்கும் ஒரு மூளை வேணும்."

ஆனால் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்தால் அந்த மூளை வேலை செய்வதில்லை. பயம்தான் வரும். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டார். அவள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் டப்பாவைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

மாத்திரை ஆரம்பிக்கும் நாள் வந்தது. மேனேஜரும் ஊசிக்குச் சம்மதித்துக் கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் இவர்தான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த நர்ஸ் இவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "வாங்கக்கா, தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா?" என்று மேனேஜரைக் கேட்டாள்.

பூட்டுக்காரர் திரும்பினார். மேனேஜர் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவள் பெயர் போட்ட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். தொற்று இல்லை என்று இருந்தது. மூன்று தடவை படித்தார். பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு மூச்சு அழுதார். ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அதன் பிறகுதான் தேதியைப் பார்த்தார். அது புதன்கிழமை. அவர் முதல் பொய்யைச் சொன்னது வியாழக்கிழமை.

"பெட்டியைத் திறந்தியா?"

"எதுக்குத் திறக்கணும்? எனக்கும் ஒரு தாள் குடுத்தாங்க." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க இலவசம், கிலவசம்னு ஆரம்பிச்சீங்க. எனக்காகத்தான் பயப்படறீங்கன்னு தெரிஞ்சு போச்சு. எனக்காகன்னா ஊறுகாயை விட்டுடுவீங்க, உங்களுக்காகன்னா விடமாட்டீங்க. இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். குழாயடியில நின்னு நானும் அழுதாச்சு, போதும்."

அவர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் தொழில்காரர் அல்லவா, பூட்டு எங்கே திறந்தது என்று தெரிந்தாக வேண்டும். "உனக்கு யாரு சொன்னது? இரும்புக்கடைக்காரனா?"

நர்ஸ்தான் ஃபைலை அவர் பக்கம் திருப்பினாள். "மாத்திரை நேரத்துக்கு ஞாபகப்படுத்த நாங்க போன் பண்ணுவோம் சார். இதே நம்பர்தானே? வீட்டம்மாவுக்கு எப்ப ரத்தம் பாக்கலாம்னு கேட்டு அன்னிக்குச் சாயங்காலமே இதுலதான் கூப்பிட்டேன்."

அவரே பூர்த்தி செய்த படிவம். அவர் கையெழுத்து. கடைப் பலகையில் இருக்கிற அதே நம்பர்.

"உங்க சொந்த நம்பர் இருந்தா சொல்லுங்க சார், மாத்திடறேன்" என்றாள் நர்ஸ்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"என் நம்பர் என்ன?"